எட்டு எட்டு

மூன்றாம் நாள் மதியம் என் வலது கால் என்னுடையதாக இல்லை. அது ஒரு 10 நாள் தியான முகாம். சம்மணம் போட்டு 40 நிமிடம் உட்கார்ந்துவிட்டு, மணி அடித்ததும் எழுந்தேன். அதாவது எழுந்துவிட்டதாக நினைத்தேன். இடுப்புக்குக் கீழே யாரோ மரக்கட்டையைச் செருகி வைத்தது போலிருந்தது. தடுமாறிப் போய்ப் பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் மௌனத்தில் இருந்ததால் திட்டவில்லை.

கால் மரத்துப்போகிறது என்று ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். இரண்டு நாளாகவே என் நெளிதலை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "உட்காருறதை விட்டுடுங்க. பின்னாடி வராந்தாவுல நடங்க. மெதுவா. கால் தரையில படுறது தெரியுற அளவுக்கு மெதுவா" என்றார். அவ்வளவுதான் போதனை. நான் அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொண்டேன். உட்காரத் தெரியாதவர்களை வெளியே அனுப்பி நடக்கவிடுகிறார்கள், உள்ளே கெட்டிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு பொறாமை வேறு.

அது எவ்வளவு தப்பான கணக்கு என்று தெரிய வெகுநாள் ஆயிற்று. உடம்பைக் கவனிப்பது பற்றிப் பேசுகிற பழைய பாலி பௌத்த உரை நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் நான்கையும் ஒரே வரிசையில்தான் வைக்கிறது. நடக்கிறவர் நடப்பதை அறிகிறார், உட்கார்ந்திருப்பவர் உட்கார்ந்திருப்பதை அறிகிறார். கையை மடக்குவது, நீட்டுவது, திரும்பிப் பார்ப்பது எல்லாம் அதே பட்டியலில் வருகின்றன. உட்கார்வதற்கு மட்டும் தனி மரியாதை கொடுத்தது நாம்தான்.

சரி, காலுக்கு வருகிறேன். அது மரத்ததற்குக் காரணம் சாதாரணமானது: நரம்பு வெகுநேரம் அழுந்திக் கிடந்தது. ஆனால் மரத்துப்போவதற்கு ரொம்ப முன்னாலேயே, ஐந்தாவது நிமிடமோ ஆறாவது நிமிடமோ, கால் எனக்குத் தெரியாமல் போயிருந்தது. வலி வந்தபிறகுதான் திரும்பத் தெரிந்தது. இந்த நடுவில் காணாமல் போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஒரு விரல் நுனியை மேஜைமேல் வைத்து அசைக்காமல் இருங்கள். முதலில் குளிர்ச்சி, வழவழப்பு, ஒரு சிறு சொரசொரப்பு எல்லாம் தெரியும். அரை நிமிடத்தில் ஒவ்வொன்றாக மங்கி, ஏதோ ஒன்றின்மேல் விரல் இருக்கிறது என்பது மட்டும் மிஞ்சும். இப்போது ஒரு மயிரிழை அளவு நகர்த்துங்கள். மேஜை திரும்ப வந்துவிடும். காலையில் போட்ட சட்டை பத்து மணிக்குத் தோலில் தெரியாததும், நெற்றிக்கு ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடியை வீடெல்லாம் தேடுவதும் இதே சங்கதிதான். தோலுக்குள் தொடுகையை அறியும் முனைகளில் ஒரு பகுதி, அழுத்தம் தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டுமே துடிக்கும், நடுவில் பேசாது. தொடர்ந்து தகவல் அனுப்புகிற மற்ற முனைகளும் நேரம் ஆக ஆகச் சுருதி குறைத்துக்கொள்ளும். மாற்றம் இருந்தால்தான் புலனுக்கு வேலை.

அப்படியென்றால் அசையாமல் உட்கார்ந்து உடம்பைக் கவனி என்பது, வாயே திறக்காத ஒருவரிடம் காதைக் கொடுப்பது மாதிரி. பழகியவர்களால் முடிகிறது, மூச்சின் சின்ன அசைவே அவர்களுக்குப் போதுமாக இருக்கிறது. என்னைப் போல மனசு குரங்காகத் தாவுகிறவர்களுக்கு உடம்பு கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது. அசைந்தால் பேசும்.

வீட்டில் என் அறையில் சுவருக்குச் சுவர் எட்டு எட்டுதான் வைக்க முடியும். எட்டு எட்டு நடந்து, திரும்பி, மறுபடி எட்டு எட்டு. தினமும் 20 நிமிடம். முதல் வாரம் வீட்டில் இருப்பவர்களுக்கு நான் கீழே எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போலத் தெரிந்திருக்கிறது. "என்ன தொலைச்சீங்க?" என்று இரண்டு முறை கேட்டு, கூடவே குனிந்து தேடியும் பார்த்தார்கள்.

மெதுவாக நடந்தால் முதலில் என்ன ஆகும் தெரியுமா? ஆடும். நன்றாக நடக்கத் தெரிந்த மனிதர் குடித்தவர் மாதிரித் தள்ளாடுவார். எனக்கு வயதாகிவிட்டதோ என்று பயந்தேன். காரணம் எளிமையானது. சாதாரண நடையில் ஒரு காலின் முழுச் சுற்று முடிய ஏறக்குறைய 1 விநாடி ஆகிறது. அதில் 60 சதவீத நேரம் அந்தக் கால் தரையில், 40 சதவீதம் காற்றில். அதாவது ஒற்றைக்காலில் நிற்பது ஒவ்வொரு முறையும் அரை விநாடிக்கும் குறைவு. விழுவதற்கு முன் அடுத்த கால் வந்து தாங்கிவிடுகிறது. நடை என்று நாம் சொல்வது, விழுந்து விழுந்து பிடித்துக்கொள்வதுதான். அதையே பத்து மடங்கு மெதுவாக்கினால் ஒவ்வொரு எட்டிலும் நாலைந்து விநாடி ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். அது வேறு வித்தை.

ஆடுவது நல்லது என்று இப்போது சொல்வேன், கையெட்டும் தூரத்தில் சுவர் இருக்கும்வரை. ஆடும்போதுதான் கணுக்கால் தெரிகிறது. ஒற்றைக்காலில் நிற்கும் அந்த நாலு விநாடியில் பாதத்தின் மேற்புறத் தசைநாண்கள் யாழ் நரம்பு மாதிரி விட்டுவிட்டுத் துடிக்கும். எடை சுண்டுவிரல் பக்கம் சரியும், உடனே பெருவிரல் தரையைப் பற்றும், கொஞ்சம் அதிகமாகப் பற்றிவிட்டால் எடை உள்பக்கம் வரும், மறுபடி வெளியே. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன என்று படித்தது ஒரு தகவலாகத்தான் இருந்தது. அவை ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு நகர்கின்றன என்பதை உள்ளங்காலில்தான் கண்டேன்.

இன்னொன்றைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. வலது காலைத் தூக்க வேண்டும் என்றால் எடை இடது காலுக்குப் போக வேண்டும், இது யாருக்கும் தெரியும். ஆனால் எடை எப்படிப் போகிறது? வலது பாதம் கிளம்புவதற்கு முன் தரையை ஒருமுறை லேசாக அழுத்துகிறது. தோணியைக் கரையிலிருந்து தள்ளிவிடுவது மாதிரி அந்த அழுத்தம்தான் உடம்பை இடப்பக்கம் அனுப்புகிறது. அதன் பிறகுதான் குதிகால் எழும்புகிறது. போகப்போகிற கால்தான் முதலில் ஊன்றுகிறது! இத்தனை வருஷமாக ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. நடை ஆய்வு செய்பவர்கள் இதைப் பாத அழுத்தத்தை அளக்கும் பலகைமேல் நிற்கவைத்து அளந்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. படித்துவிட்டுப் போய்த் தேடியிருந்தால் இந்தச் சந்தோஷம் இருந்திருக்காது. ஆகவே உங்களிடம் சொன்னதற்கு மன்னிக்கவும்.

பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ (1904–1982) காட்டிய முறையில் ஒவ்வொரு அசைவுக்கும் மனசுக்குள் ஒரு பெயர் வைக்கச் சொல்வார்கள்: தூக்கல், நகர்த்தல், வைத்தல். ஆரம்பத்தில் எனக்கு இது கைத்தடியாக உதவியது. பெயர் சொல்லிக்கொண்டிருக்கும்வரை கடன், வேலை, பழைய சண்டை எதுவும் உள்ளே வராது. ஆனால் சில வாரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. வாய் தன்பாட்டுக்குத் 'தூக்கல், நகர்த்தல்' என்று சொல்லிக்கொண்டே போக, நான் வேறு எங்கோ இருந்தேன். ஒருநாள் 'வைத்தல்' என்று சொன்னபோது கால் இன்னும் காற்றில் இருந்தது.

அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று பின்னால் பிடிபட்டது. நான் பாதத்தை உணர்ந்துகொண்டிருக்கவில்லை, பாதத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் ஒரு திரை, அதில் பக்கவாட்டிலிருந்து எடுத்த மாதிரி என் கால் மெல்ல எழும்புகிறது. கண்ணை மூடியும் கண்ணால்தான் நடந்துகொண்டிருந்தேன்.

இது எப்படித் தெரிந்தது என்றால், நாற்காலியில் உட்கார்ந்து கை தூக்கிப் பார்த்தபோது. கண்ணை மூடி, வலது கையைத் தொடைமேல் குப்புற வைத்து, மிக மெதுவாகத் தூக்குங்கள். முதலில் மனசு ஒரு படம் போடும்: ஐந்து விரல், நகம், மணிக்கட்டு. அந்தப் படத்தை விட்டுவிட்டு, உண்மையில் என்ன வருகிறது என்று பாருங்கள். எனக்கு வந்ததில் ஐந்து விரலே இல்லை. தொடையிலிருந்து வெதுவெதுப்பு விலகியது. மணிக்கட்டின் மேல்பக்கம் ஒரு இழுப்பு. தோளுக்குக் கீழே எங்கிருந்தோ ஒரு பாரம் தொடங்கி வந்தது. விரல்கள் இருந்த இடத்தில் புகை மாதிரி ஒரு லேசான குறுகுறுப்பு, அதற்கு ஓரங்கள் கிடையாது. கை எங்கே முடிந்து காற்று எங்கே தொடங்குகிறது என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. படத்தில் இருக்கிற கை ரொம்பச் சுத்தமானது. உணர்ந்த கை கலங்கலானது, ஆனால் அதுதான் அப்போது அங்கே இருந்தது.

தாய்லாந்தின் தியான ஆசிரியர் லுவாங்போர் தியென் (1911–1988) தம் முறையைப் பெரும்பாலும் இந்தக் கை அசைவின்மேலேயே கட்டினார். கண் திறந்தபடியே, வரிசையாகச் சில கை அசைவுகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சின்ன நிறுத்தம். மூச்சைப் பார்க்கச் சொன்னால் படபடப்பு கூடுகிற சிலர் உண்டு, அதில் நானும் ஒருவன்; நெஞ்சைக் கவனித்தால் அடுத்த துடிப்பு வருமா என்று கவலை வந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்குக் கையும் உள்ளங்காலும் பத்திரமான இடங்கள். அங்கே பயப்பட எதுவும் இல்லை.

கண் மூடியிருந்தும் கை எங்கே இருக்கிறது என்று தெரிகிறதே, அந்த அறிவுக்கு ஐம்புலன் கணக்கில் தனி இடம் இல்லை. ஓரறிவு உயிருக்குத் தொடுவுணர்வு என்று நம் இலக்கணம் வரிசையைத் தொடங்குகிறது, கடைசியில் மனத்தைச் சேர்த்து ஆறு ஆக்குகிறது. ஆனாலும் இது நடுவில் தப்பிவிட்டது. 1906இல் பிரிட்டிஷ் உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் இதற்குப் புரோப்ரியோசெப்ஷன் என்று பெயர் வைத்தார். உடம்பு தன் நிலையைத் தானே அறிவது. தசை நார்களுக்கு நடுவே, நூல் நூற்கும் கதிர் வடிவில் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கும். தசைநாணில் இருப்பவை இழுவிசையைச் சொல்லும். இயந்திர அழுத்தத்தை நரம்புச் செய்தியாக மாற்றும் பியெஸோ புரதங்களை ஆர்டெம் படபூட்டியானின் குழு 2010இல் கண்டறிந்தது. 2021 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அவற்றில் பியெஸோ 2 என்பதுதான் தொடுகைக்கும் இந்தத் தன்னிலை அறிவுக்கும் ஆதாரம்.

இது போனால் என்ன ஆகும்? பிரிட்டனில் 1971இல் 19 வயது இளைஞர் ஒருவருக்கு ஒரு தொற்றுக் காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் இந்த அறிவும் மொத்தமாகப் போய்விட்டன. தசைகளுக்குச் சக்தி இருந்தது, வாதம் இல்லை. ஆனாலும் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. வருஷக்கணக்கில் பழகி, ஒவ்வொரு உறுப்பையும் கண்ணால் பார்த்துப் பார்த்து அசைத்து மறுபடி நடந்தார். விளக்கு அணைந்தால் சரிந்துவிடுவார். இதைப் படித்த அன்று ராத்திரி இருட்டில் படுக்கையிலிருந்து எழுந்து தண்ணீர்ச் செம்பை எட்டி எடுத்தேன். கை நேராகப் போய் அதன் கழுத்தைப் பிடித்தது. கொஞ்சநேரம் செம்பைப் பிடித்தபடியே நின்றிருந்தேன்.

அசைவு சின்னதாக இருக்க வேண்டும், பலம் குறைவாக இருக்க வேண்டும் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். ஏதோ பணிவுக்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கணக்கே வேறு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக்கில் இருந்த உடலியலாளர் எர்ன்ஸ்ட் வெபர், ஒரு எடைக்கும் இன்னொரு எடைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் அது அந்த எடைக்குத் தக்க விகிதத்தில் இருக்க வேண்டும் என்று காட்டினார். வெறும் கையில் ஒரு நாணயத்தை வைத்தால் தெரியும். 10 கிலோ பையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது அதே நாணயத்தைப் பைக்குள் போட்டால் தெரியாது. மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) இதைப் பிடித்துக்கொண்டார். இயற்பியல் படித்தவர், ஜூடோவில் கறுப்புப் பட்டை வாங்கியவர், பழைய முழங்கால் காயத்தோடு மல்லுக்கட்டியவர். அவர் வகுப்புகளில் தரையில் படுத்துக்கொண்டு தலையை அரை அங்குலம் உருட்டச் சொல்வார்கள், இன்னும் குறைவாக, இன்னும் குறைவாக என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கினால் தொடையின் கூச்சல் மட்டும்தான் கேட்கும். கூச்சல் அடங்கினால் மற்றவை கேட்கும்.

வெபரின் இன்னொரு சோதனையை யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். கவராயத்தின் இரண்டு முனைகளால் (கூர் மழுங்கியிருக்கட்டும்) ஒரே நேரத்தில் தொடச் சொல்லுங்கள். விரல் நுனியில் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே இரண்டு என்று தெரியும். முதுகில் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலும் ஒன்று என்றுதான் தோன்றும். 'முதுகை முழுசாக உணருங்கள்' என்று வழிகாட்டும் குரல் சொல்லும்போது எனக்கு ஒன்றுமே தெரிவதில்லையே என்று யாரும் மனம் வாட வேண்டாம். அங்கே சொரணை அவ்வளவுதான்.

கண்ணை என்ன செய்வது என்பது தனிப் பிரச்சினை. கண் ஆசை பிடித்தது, மற்ற எதையும் பேசவிடாது. அதற்காக முழுக்க மூடிக்கொண்டு நடந்தால் விழுவோம். பாதங்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடினாலே உடம்பு ஆட ஆரம்பிப்பது தெரியும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தரையில் பார்வையைத் தாழ்த்தி, எதையும் உற்றுப் பார்க்காமல் விட்டுவிடுவதுதான் எனக்குச் சரிப்பட்டது. ஜப்பானில் ஸோட்டோ ஸென் என்ற பௌத்த மரபினர் இப்படித்தான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு மூச்சுக்கு அரை அடி வைத்து நகர்கிறார்கள். அவ்வளவு மெதுவாக நடந்தால் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. அவரவர் வேகம் அவரவருக்கு.

திரும்பும் இடம்தான் ஓட்டை. எட்டு எட்டும் ஒழுங்காகக் கவனித்துவிட்டு, சுவர் வந்ததும் 'முடிந்தது' என்று மனசு கழன்றுவிடும். திரும்பி இரண்டு எட்டு வைத்தபிறகுதான் ஞாபகம் வரும். அதனால் திரும்புவதையே தனியாகப் பழகினேன். நின்று, நாலு சின்ன எட்டில் திரும்ப வேண்டும். அப்போது காதுக்குள் ஒரு வேலை நடக்கிறது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, தலை திரும்பும்போது உள்ளே இருக்கும் திரவம் கொஞ்சம் பின்தங்கும், அந்தப் பின்தங்கலைத்தான் திரும்புதல் என்று அறிகிறோம். மெதுவாகத் திரும்பி நிற்கும்போது, நின்ற பிறகும் ஒரு கணம் ஏதோ நகர்வது போல எனக்கு இருக்கும். அது பிடித்தமான இடம். தலைசுற்றல் தொந்தரவு உள்ளவர்கள் இந்த ஆட்டத்துக்கு வர வேண்டாம். உட்கார்ந்தபடி கை அசைவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதனால் மனஅழுத்தம் குறைந்ததா, தூக்கம் வந்ததா என்று கேட்பார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின் 1979இல் தொடங்கிய மனஅழுத்தக் குறைப்புப் பயிற்சி 8 வாரத் திட்டமாக உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதில் படுத்து உடம்பை உணர்வதும் மெதுவான யோகாசனமும் நடையும் உண்டு. பலன் கணக்கு அங்கே நிறையக் கிடைக்கும். என்னைக் கேட்டால், கோபம் வந்தால் தாடை இறுகுவது முன்பைவிடக் கொஞ்சம் முந்தித் தெரிகிறது. கோபம் அப்படியேதான் வருகிறது.

எட்டு மாதம் நடந்தபின் ஒருநாள் என் இடது கால் எப்போதும் வெளி ஓரத்தில்தான் இறங்குகிறது என்று கவனித்தேன். வலது குதிகால் அகலமாகத் தரையில் உட்காரும், இடது குதிகால் விளிம்பில் பட்டுப் பிறகுதான் படியும். அப்படியா என்று வாசலுக்குப் போய்ப் பழைய செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். இடது செருப்பின் வெளி ஓரம் பிறை மாதிரித் தேய்ந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் வாசலில் கிடந்த செய்தி.

உடனே சரிசெய்யக் கிளம்பினேன், வேறென்ன செய்வேன். இடது குதிகாலை நேராக வைத்து நடந்தேன். நேராக வைத்தபோது கோணலாக இருந்தது. பழைய கோணலில் வைத்தால் நேராக இருந்தது. ஒரு வாரத்தில் முழங்கால் வலித்தது. டாஸ்மேனியாவில் பிறந்த எஃப்.எம். அலெக்ஸாண்டர் (1869–1955) என்ற மேடைக் கலைஞரின் கதை அப்போதுதான் உறைத்தது. மேடையில் குரல் அடைத்துப் போகிறதே என்று கண்ணாடிமுன் நின்று ஆராய்ந்தவர் அவர். பேசத் தொடங்கும்போது தலையைப் பின்னால் இழுப்பதைக் கண்டுபிடித்து, முன்னால் வைத்துப் பேசிப் பார்த்தார். முன்னால் வைத்ததாகத்தான் அவருக்குத் தோன்றியது, கண்ணாடியில் தலை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பழகிப்போனதைத்தான் உடம்பு சரி என்று சொல்லும். உணர்வை நம்பி நடந்துகொண்டிருந்த எனக்கு இது ஒரு அடி. அப்புறம் திருத்துவதை விட்டுவிட்டேன். விளிம்பில் பட்டால் விளிம்பில் பட்டது, அவ்வளவுதான். சில நாள் கால் தானாகவே கொஞ்சம் அகலமாக இறங்குவது போல இருந்தது. நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

அந்தச் செருப்பு அறுந்து புதுசு வாங்கி ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் திருப்பிப் பார்த்தேன். வலது செருப்பு புதுசு மாதிரியே இருக்கிறது. இடது செருப்பின் வெளி ஓரத்தில், பிறை போட்டிருக்கிறது.